வேலைக்கேற்ற படத்தொகுப்பு மென்பொருள்

கண்டியைச் சூழவுள்ள எமது கிராம, தோட்டக் குழுக்கள் கைத்தொலைபேசியிலேயே படம் பிடிக்கின்றன. அதைத் தொகுக்க எந்த மென்பொருள் சிறந்தது எனக் கேட்கின்றனர். எந்த வேலைக்கு என்பதையே நாம் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கை, கூட்ட அறிவித்தல் போன்ற ஓரிரு நிமிடப் படங்களுக்குத் தொலைபேசியிலேயே இயங்கும் கப்கட் போதும். பயிற்சிப் படங்களில் காட்சி, குரல், எழுத்து ஆகியவற்றைத் தனித்தனியே அடுக்கவேண்டும். இதற்குக் கணனியில் இயங்கும் ஷொட்கட், கேடன்லைவ் ஆகியன உகந்தவை, இரண்டும் இலவசம். கேடன்லைவில் பாரமான காட்சிகளுக்குச் சிறு பிரதி எடுத்து வேலை செய்யலாம். பழைய கணனியும் ஈடுகொடுக்கும். டாவின்சி ரிசோல்வ் நிறத்தையும் ஒலியையும் சீராக்குவதில் வல்லது. இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் வலுவான கணனி தேவை.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர எமது மாவட்டத்திலேயே உள்ளது. தோட்ட லயங்களில் முதியோர் சொல்லும் வரலாறு பதியப்படாவிடின் அவர்களோடு மறைந்துவிடும். பல ஆண்டுகள் தொடரும் இப்பணிக்கு மாதச் சந்தா கேட்கும் பிறீமியர் புறோ பொருந்தாது. சந்தா நின்றால் தொகுப்பைத் திறந்து திருத்த முடியாது. மூலப் பதிவுகளை இரு வன்தட்டுகளில் வைப்போம். நாளை தோட்டத்து இளைஞர் தாமே தொடரக்கூடிய மென்பொருளையே தெரிவுசெய்வோம்.