அறுவை சிகிச்சைத் துறையின் மேல்படிகளில் பெண்கள் எங்கே?

1979ஆம் ஆண்டு முதல், சிங்கப்பூரில் மருத்துவம் படிக்க விரும்பிய மாணவிக்கு நல்ல மதிப்பெண் மட்டும் போதவில்லை. அன்று நாட்டில் இருந்த ஒரே மருத்துவப் பள்ளி, மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குமேல் பெண்களுக்குத் தரவில்லை. பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2003ல்தான் அந்த வரம்பு நீங்கியது.

உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2003ல் சேர்ந்த மாணவி ஐந்தாண்டு படிப்பை 2008ல் முடித்திருப்பார். பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. அதன்பின் அறுவை சிகிச்சையில் நிபுணராக மேலும் பல ஆண்டுகள். ஆலோசகராகி, மூத்த ஆலோசகராக உயரும்போது வயது நாற்பதைத் தாண்டிவிடும். போதனை மருத்துவமனைகளில் இன்று துறைத் தலைவர்களாக இருக்கும் தலைமுறையினரில் பெரும்பாலோர் அந்த வரம்பு இருந்த காலத்தில் படித்தவர்கள்.

அப்படியானால் காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிட்டனைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அங்கே பல்லாண்டுகளாகவே மருத்துவ மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆலோசக அறுவை சிகிச்சை நிபுணர்களிலோ அவர்கள் இன்னும் சிறுபான்மையினர்தான். இங்கிலாந்தின் அரச அறுவை சிகிச்சைக் கல்லூரியில் முதல் பெண் ஃபெலோவாக (Fellow) எலினார் டேவிஸ் காலி தேர்ச்சி பெற்றது 1911ல். அதன் தலைவர் பொறுப்புக்கு எலும்பு சிகிச்சை நிபுணர் கிளேர் மார்க்ஸ் வந்தது 2014ல். இடையே 103 ஆண்டுகள்!

இரவுப் பணியும் நீண்ட அறுவை சிகிச்சைகளும் நிறைந்த பயிற்சிக்காலம், பலர் குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் வருகிறது. இது எல்லாரும் சொல்லும் காரணம். அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. அறுவை சிகிச்சை நிபுணரிடம் நோயாளி பெரும்பாலும் நேராக வருவதில்லை; வேறொரு மருத்துவர் அனுப்பிவைக்கிறார். அமெரிக்க மருத்துவக் காப்புறுதித் தரவுகளைப் பொருளியலாளர் ஹெதர் சார்சன்ஸ் ஆராய்ந்தார். சிகிச்சைக்குப்பின் நோயாளி இறந்தால், ஆண் நிபுணரைவிடப் பெண் நிபுணருக்கு நோயாளிகளை அனுப்புவது அதிகமாகக் குறைந்தது. அதே துறையிலுள்ள மற்றப் பெண்களுக்கும் குறைந்தது. ஆண் நிபுணர் ஒருவருக்கு அப்படி நேர்ந்தபோது, மற்ற ஆண்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. நோயாளிகள் குறைந்தால் அனுபவம் குறையும். அனுபவம் குறைந்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும்.

திறமையில் குறையா? கனடாவின் ஒன்டாரியோவில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 104,630 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2017ல் வெளிவந்தது. முப்பது நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு, சிக்கல், மீண்டும் மருத்துவமனையில் சேர்தல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, பெண் நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் நிலை சற்றே மேலாக இருந்தது. வித்தியாசம் சிறிதுதான், பெண்களே சிறந்தவர்கள் என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. ஆனால், பெண்களின் கை தாழ்ந்தது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கை என்றதும் இன்னொன்று. பல அறுவை சிகிச்சைக் கருவிகளின் பிடி பெரிய கைகளுக்கு ஏற்றதாகவே செய்யப்படுகிறது. சிறிய கையுறை அணிபவர் அதே கருவியை இரு கைகளாலும் பிடித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

மருத்துவப் பள்ளிகளின் பொது வரவேற்பு நாளுக்குப் போகும் மாணவியர், நுழைவுத் தகுதியைக் கேட்பதோடு இதையும் கேட்கலாம்: அறுவை சிகிச்சைப் பயிற்சியின் நடுவே பிள்ளைப்பேறு விடுப்பில் சென்றவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து பயிற்சியை முடித்தார்கள்? மாணவர்களும் கேட்கலாம்.