குவாண்டம் கணினி வேலை: நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

டாக்குரியா, கல்கத்தா: பிளஸ் டூ முடிவு வந்ததும் டாக்குரியா, லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "பிள்ளையை எதில் சேர்ப்பது?" என்பதுதான். இஞ்சினீயரிங், பி.காம்., வங்கித் தேர்வு என்ற பழைய பதில்களோடு இப்போது புதிய பெயர் ஒன்றும் காதில் விழுகிறது: குவாண்டம் கணினி. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நாம் இதை நம்பிக் கைச் சேமிப்பைச் செலவிடலாமா?

முதலில் அது என்னவென்று பார்ப்போம். சாதாரணக் கணினியின் 'பிட்' ரயில் பாதையில் உள்ள பாயிண்ட் போன்றது. மெயின் லைன் அல்லது லூப் லைன். பூஜ்யம் அல்லது ஒன்று. குவாண்டம் கணினியின் 'கியூபிட்' அளந்து பார்க்கும் வரை இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். அளந்ததும் ஒன்றில் நின்றுவிடும். அதற்குள் தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்து, சரியான விடை மேலோங்கும்படி கணக்கை அமைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. எல்லாக் கணக்குக்கும் இது உதவாது. மருந்து மூலக்கூறுகளை ஆராய்தல், இரகசியக் குறியீடுகளை உடைத்தல் போன்ற சிலவற்றுக்கே உதவும்.

மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31 வரையிலான இத்திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய். எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை கொண்ட கணினிகளை நம் நாட்டிலேயே உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. கணினிப் பிரிவுக்கு பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், தகவல் தொடர்புப் பிரிவுக்கு சென்னை ஐ.ஐ.டி.யும் மையங்கள்.

என்னென்ன வேலை?

டாக்டர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளுக்கு மட்டுமே இங்கு வேலை என்று நினைக்க வேண்டாம். கியூபிட்டுகளில் ஒரு வகை, பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 273 டிகிரி குளிரில்தான் இயங்கும். அந்தக் குளிர்சாதனத்தையும் வெற்றிடப் பம்புகளையும் பராமரிக்கக் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் தேவை. கியூபிட்டுக்கு நுண்ணலை மூலம் கட்டளை அனுப்ப எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் தேவை. புரோகிராம் எழுதுவோருக்கும் கணிதம் தெரிந்தோருக்கும் தனி வேலை உண்டு.

இவற்றைவிடச் சீக்கிரம் கைக்கு வரக்கூடியது பூட்டு மாற்றும் வேலை. இன்று வங்கிப் பணப் பரிமாற்றங்களைக் காக்கும் குறியீடுகளில் சிலவற்றைப் பெரிய குவாண்டம் கணினியால் உடைக்க முடியும் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர் காட்டினார். அதைத் தாங்கும் புதிய குறியீடுகளுக்கான தரநிர்ணயங்களை அமெரிக்க நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. பழைய பூட்டுகளை மாற்றும் பணிக்கு ஆள் வேண்டும்; அதற்குக் குவாண்டம் கணினி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே படிப்பது?

டாக்குரியாவுக்கு அடுத்த ஸ்டேஷன் ஜாதவ்பூர். அங்கே ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமும் இருக்கிறது. இக்கழகம் பவ்பஜாரில் இருந்த நாளில், 1907-ல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன், ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் அங்கே ஆராய்ச்சி செய்தார். 1917-ல் அரசு உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-ல் கண்ட ராமன் விளைவுக்கு 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அப்போது அவருடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர்.

பராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி பி.ஸ்டாட். சேரலாம். இரகசியக் குறியீட்டு இயலில் எம்.டெக்.கும் அங்கு உண்டு. சால்ட் லேக்கில் சத்யேந்திரநாத் போஸ் பெயரிலான மையத்திலும் சாஹா நிலையத்திலும் 'ஜெஸ்ட்' தேர்வு மூலம் ஆராய்ச்சிப் படிப்பில் சேரலாம்.

எச்சரிக்கை தேவை

வேலைகள் இன்னும் குறைவு. பெரிய அளவில் பிழையின்றிக் கணக்கிடும் குவாண்டம் கணினி உலகில் எங்கும் உருவாகவில்லை. ஆகவே "ஆறு மாதத்தில் குவாண்டம் நிபுணர்" என்று விளம்பரம் வந்தால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இயற்பியல், கணிதம், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ் இவற்றில் ஒன்றில் முறையான பட்டம் இருந்தால், குவாண்டம் கைகொடுக்காவிட்டாலும் வேறு வேலை கிடைக்கும். டிப்ளமோ படிப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். குளிர்சாதனப் படிப்பு எங்கும் சோறு போடும்.

பட்டத்தோடு கூடவே, ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். குவாண்டம் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பைத்தான் மொழி தெரிந்தால் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'கிஸ்கிட்' மென்பொருளில் செலவின்றிப் பழகலாம்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். ஆய்வு நிலையங்கள் பல அன்று மாணவர்களை உள்ளே அனுமதிப்பதுண்டு. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஜாதவ்பூருக்கு டிக்கெட் செலவு சில ரூபாய்தான்.