சவ்வின் திறனை அளப்பது எப்படி?

சென்னை சைதாப்பேட்டையிலிருந்து சின்னமலையைக் கடந்து, மத்திய கைலாஷில் திரும்பினால் தரமணி. அங்குள்ள ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில்தான் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனத்தின் எரிபொருள் மின்கல மையம் இருக்கிறது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் இத்தகைய கலங்களின் உயிர்நாடி, நடுவிலுள்ள மெல்லிய பாலிமர் சவ்வு.

சவ்வின் ஒரு பக்கத்தில் ஹைட்ரஜன், புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டுமே உள்ளே விடும். எலெக்ட்ரான் வெளிக்கம்பி வழியே சுற்றிப்போகிறது. நமக்குக் கிடைக்கும் மின்சாரம் அதுதான். மறுபக்கத்தில் இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகின்றன.

1960-களில் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய 'நாஃபியான்' சவ்வோடுதான் புதிய சவ்வுகளை இன்றும் ஒப்பிடுகிறார்கள். அதிலுள்ள சல்ஃபோனிக் அமிலக் குழுக்கள் நீரைப் பிடித்துவைக்கின்றன. கட்டட வேலையில் சாந்துச் சட்டி கைக்குக் கை மாறுவதுபோல, புரோட்டான் ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. சவ்வு காய்ந்தால் ஓட்டமும் படுத்துவிடும்.

இந்த ஓட்டத்தை அளக்க நேர்திசை மின்சாரம் உதவாது. புரோட்டான்கள் மின்முனையருகே குவிந்து, மின்தடையைக் கூட்டிக் காட்டும். ஆகவே மாறுதிசை மின்சாரத்தைப் பல அதிர்வெண்களில் செலுத்தி, சவ்வின் தடையைப் பிரித்தெடுக்கிறார்கள். சவ்வின் நீளத்தை, தடையையும் குறுக்குப் பரப்பையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் கடத்துதிறன்.

நன்றாக நனைந்த நாஃபியானுக்கு 80 டிகிரி செல்சியஸில் அது சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 சீமென்ஸ். 50 மைக்ரான் தடிமனும் 1 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட துண்டில், 1 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தடை 2,000 ஓம், எளிதாக அளக்கலாம். கலத்தில் புரோட்டான் செல்வதோ சவ்வின் குறுக்கே. அந்தத் திசையில், 1 சதுர சென்டிமீட்டருக்குத் தடை 0.05 ஓம்தான். கம்பியின் தடையே அதை விழுங்கிவிடும். அதனால் நான்கு முனைகளை வைக்கிறார்கள்: இரண்டு மின்சாரத்தைச் செலுத்தும், இரண்டு மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும்.

நனைந்த சவ்வு உப்பும். தடிமனை உலர்ந்த நிலையில் அளந்துவிட்டு, தடையை ஈர நிலையில் அளந்தால் கணக்கு பிழைத்துவிடும்.

புதிய சவ்வு ஒன்றின் கடத்துதிறனைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரப்பதத்தில், எந்தத் திசையில்? இம்மூன்றும் சொல்லப்படாத எண்ணை ஒப்பிடவே முடியாது.