அறுபது வயதில் பளு தூக்கலாமா?

எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் அம்மாக்களிடமிருந்து முதலில் பறிபோவது தண்ணீர்க் குடம். அடுத்து அரிசி மூட்டை, அதற்கும் அடுத்து பேரக்குழந்தை. "கனமா எதையும் தூக்காதீங்கம்மா" என்பது சில சமயம் டாக்டர் சொன்னது. பல சமயம் பிள்ளைகளே போட்ட உத்தரவு. அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால், பாரமே தாங்காத எலும்பு மேலும் மெலியும். விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்களுக்கு மாதத்துக்கு 1 சதவிகிதத்துக்கும் மேல் இடுப்பெலும்பு கரைவது அதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக்கின் ஆய்வுக் குழு இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. 'லிஃப்ட்மோர்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில் 101 பெண்கள். எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள். சராசரி வயது 65. ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் லேசான பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு வாரம் 2 நாள், தலா 30 நிமிடம், பயிற்சியாளரின் கண் பார்வையிலேயே கனமான பளு. மொத்தம் 8 மாதம்.

என்ன செய்தார்கள்? தரையில் கிடக்கும் கம்பியை முதுகு வளையாமல் இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் டெட்லிஃப்ட், தோளில் கம்பியைச் சுமந்தபடி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேலே பளுவை உயர்த்தும் ஓவர்ஹெட் பிரஸ். ஒவ்வொன்றையும் 5 தடவை வீதம் 5 சுற்று. ஒரே ஒரு முறை மட்டுமே தூக்க முடிகிற உச்ச எடை எவ்வளவோ, அதில் 80 சதவிகிதத்துக்கு மேல் கம்பியில் ஏற்றப்பட்டது. போதாததற்கு, உயரத்தில் உள்ள கம்பியை எம்பிப் பிடித்து, அங்கிருந்து 'தொப்'பென்று தரையில் குதிக்கவும் வேண்டும். முதல் மாதம் மட்டும் குறைந்த எடையில், முறையாகத் தூக்கும் விதத்தைக் கற்பதிலேயே போனது.

பளு தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவிகிதம் கூடியது. மற்றவர்களுக்கு 1.2 சதவிகிதம் குறைந்தது. இத்தனை பளுவுக்கும் பதிவான பாதிப்பு, ஒருவருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு மட்டுமே.

மூன்று சதவிகிதம்கூட இல்லையே என்று நினைக்கலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் வடிந்ததும், பழைய எலும்பை அரிக்கும் செல்களின் கை ஓங்கிவிடுகிறது. புது எலும்பு கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால், அந்த வயதில் இழப்பு நின்றாலே லாபம். கூடினால் அது போனஸ்.

தினமும் நடக்கிறேனே, அது போதாதா? இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, தாராளமாக நடங்கள். ஆனால், எலும்புக்குள் இருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் பழகிய பாரத்தைப் பொருட்படுத்துவதில்லை. வழக்கத்துக்கு மீறிய பாரம் விழுந்தால்தான் 'இங்கே பலப்படுத்து' என்று தகவல் அனுப்பும். நடை, உடம்புக்கு ரொம்பப் பழகிப்போன வேலை. கால்சியம் மாத்திரையும் செங்கல், சிமென்ட்டைத்தான் கொண்டுவந்து கொட்டும்; கட்டச் சொல்லி உத்தரவு போடாது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் கேஸ் சிலிண்டரைத் தூக்க வேண்டாம். அந்தப் பெண்கள் தனியாகத் தூக்கவில்லை, முதல் நாளே கனமாகவும் தூக்கவில்லை. ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கியவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், மூட்டுவலி அதிகம் உள்ளவர்கள் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்காமல் தொடங்கவே கூடாது. மற்றவர்கள் ஜிம்மில் பணம் கட்டுவதற்கு முன்னால், "வயசானவங்களுக்கு டெட்லிஃப்ட் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருக்கா?" என்று கேளுங்கள். பதிலுக்கு டிரெட்மில்லைக் கை காட்டினால், வேறு ஜிம் பாருங்கள்.