பழைய கணினியை வீட்டிலேயே உருவாக்கலாம்: பேக்பிளேனும் பெட்டியும் செய்வது எப்படி?

இன்று நம் ஊர்களில் ஸ்மார்ட்போன் இல்லாத வீடு இல்லை. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் கூட தயங்குகிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல. இன்றைய சாதனங்களில் எல்லாமே ஒரே சிப்பில் அடங்கிவிட்டன. திறந்து பார்த்தாலும் புரிந்துகொள்ள எதுவும் கண்ணில் படுவதில்லை.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. 1970களின் கணினியை அதே முறையில், தனித்தனி அட்டைகளாக நாமே செய்து பார்ப்பதுதான் அது. உலகம் முழுவதும் பலர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். இதில் பலர் கவனிக்காமல் விடுவது இரண்டு விஷயங்கள்: அட்டைகளை இணைக்கும் பேக்பிளேன், எல்லாவற்றையும் காக்கும் பெட்டி. ஆவுடையார்கோவில் தாலுகாவின் மீமிசல், கோபாலப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்தக் கணினி எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்யும்.

பேக்பிளேன் என்றால் என்ன?

பிராசசர், நினைவகம், கீபோர்டு இணைப்பு ஆகியவை தனித்தனி அட்டைகளில் இருக்கும். அவை அனைத்தையும் செருகும் அடிப்பலகையே பேக்பிளேன். ஒரு சாக்கெட்டின் முதல் கால் மற்ற எல்லா சாக்கெட்டுகளின் முதல் காலோடும், இரண்டாம் கால் எல்லா இரண்டாம் கால்களோடும் இணைந்திருக்கும். இந்தப் பொதுவான கம்பிகளின் தொகுப்புக்கு 'பஸ்' என்று பெயர்.

1975ல் அமெரிக்காவில் வந்த ஆல்டேர் 8800 கணினி இந்த முறையைப் பிரபலமாக்கியது. அதன் பஸ்ஸில் 100 கம்பிகள். அதில் ஒரு குறையும் இருந்தது. 8 வோல்ட் செல்லும் காலுக்குப் பக்கத்திலேயே 16 வோல்ட் செல்லும் கால் இருந்ததால், இரண்டும் தவறி உரசினால் சிப்புகள் எரிந்துபோகும் ஆபத்து இருந்தது. எந்தக் கம்பிக்குப் பக்கத்தில் எது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எந்தக் கணினியைத் தேர்ந்தெடுப்பது?

நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் 8085 பயிற்சிக் கருவியை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதில் முகவரியின் ஒரு பாதியும் தரவும் ஒரே கால்கள் வழியாக மாறி மாறிச் செல்லும். தொடக்கநிலை மாணவருக்கு இது குழப்பமாக இருக்கலாம். 1976ல் வெளிவந்த இசட்80 பிராசசரில் முகவரிக்கு 16 கால்கள், தரவுக்கு 8 கால்கள் எனத் தனித்தனியாக உள்ளன. 16 கம்பிகள் என்றால் 65,536 முகவரிகள், அதாவது 64 கேபி நினைவகம் வரை கையாளலாம்.

1980களில் குவைத்தைச் சேர்ந்த அல் ஆலமிய்யா நிறுவனம் அரபு மொழியில் இயங்கும் 'சக்ர்' கணினிகளை வெளியிட்டது. எம்எஸ்எக்ஸ் வகையைச் சேர்ந்த அந்தக் கணினிகள் இயங்கியதும் இதே இசட்80 வகை பிராசசரில்தான். அந்தக் காலத்தில் வளைகுடாவில் வேலை செய்த நம் பெரியவர்கள் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். கணினியில் அரபு மொழியைக் கொண்டுவந்த பணிகளுக்காக அதன் நிறுவனர் முஹம்மது அல் ஷாரிக் 2021ல் மன்னர் ஃபைசல் விருது பெற்றார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஓவன் உருவாக்கிய ஆர்சி2014 இன்று பிரபலமான இசட்80 கணினி. அதன் பஸ்ஸில் 40 கம்பிகள் மட்டுமே. எந்தக் கால் எதற்கு என்ற விவரம் எல்லோருக்கும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. எனவே முதல் முயற்சிக்கு இதைப் பின்பற்றுவது எளிது.

பேக்பிளேன் செய்யும் முறை

1. செம்புப் பட்டைகள் நீளவாக்கில் ஓடும் வெரோ போர்டு ஒன்று வாங்குங்கள். குறைந்தது 40 பட்டைகள் இருக்க வேண்டும். துளைகளின் இடைவெளி 2.54 மி.மீ.

2. 40 கால் உள்ள ஃபீமேல் பெர்க் ஸ்ட்ரிப்புகளைப் பட்டைகளுக்குக் குறுக்காக வையுங்கள். ஒவ்வொரு பட்டையும் தானாகவே ஒரு பஸ் கம்பி ஆகிவிடும். தனியாக ஒயர் இழுக்க வேண்டாம். 5 சாக்கெட்டுகளுக்கு 200 இடங்களில் ஈயப் பற்று வைத்தால் போதும்.

3. இரண்டு சாக்கெட்டுகளுக்கு நடுவே 7 துளை இடைவெளி விடுங்கள். சுமார் 18 மி.மீ. வரும். அதைவிடக் குறைந்தால் அட்டைகள் ஒன்றோடொன்று உரசும்.

4. ஆர்சி2014 முறையில் 17வது கால் கிரவுண்ட், 18வது கால் 5 வோல்ட். இந்த இரண்டு பட்டைகள் மீதும் தடித்த செம்புக் கம்பியைக் கூடுதலாகப் பற்றவையுங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் '104' என்று எழுதிய சிறிய கெப்பாசிட்டர் ஒன்று தேவை.

5. அட்டைகளைச் செருகும் முன் மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து, ஒவ்வொரு பட்டையும் முதல் சாக்கெட்டிலிருந்து கடைசி சாக்கெட் வரை இணைந்துள்ளதா, பக்கத்துப் பட்டையோடு சேராமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். அரை மணி நேர வேலைதான். பிறகு பல நாள் அலைச்சலை இது மிச்சப்படுத்தும்.

6. முதல் காலின் பக்கத்தில் பெயின்ட்டால் பெரிய புள்ளி வையுங்கள். பெர்க் ஸ்ட்ரிப்பில் அட்டையைத் திருப்பியோ ஒரு துளை தள்ளியோ செருக முடியும். அப்படிச் செருகினால் மின்சாரம் தவறான காலில் பாய்ந்து சிப் கெட்டுவிடும்.

மின்சாரத்துக்கு 5 வோல்ட் மொபைல் சார்ஜர் போதும். இணைக்கும் முன் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

கடலோரத்தில் பெட்டி ஏன் முக்கியம்?

கடல் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் மிதந்து வருகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். அந்த மெல்லிய உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பைப் பச்சை பூக்கச் செய்யும். பிறகு கணினி சில நேரம் ஓடும், சில நேரம் நின்றுவிடும். சிப் போய்விட்டது என்று நினைத்து மாற்றுவோம். பழுது சாக்கெட்டில் இருக்கும்.

எனவே பெட்டி செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

* ஃபேன் வேண்டாம். சிமாஸ் வகை இசட்80 மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும், அதிகம் சூடாகாது. ஃபேன் வைத்தால் உப்பையும் தூசியையும் உள்ளே இழுத்துவிடும். பக்கவாட்டில், கீழ்நோக்கிய சில சிறு துளைகள் போதும்.

* இரும்புத் தகடு துருப்பிடிக்கும். அலுமினியத் தகடு அல்லது அக்ரிலிக் நல்லது. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் அக்ரிலிக்கை அளவுக்கு வெட்டித் தருவார்கள். மரப்பெட்டி என்றால் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். ஸ்க்ரூக்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

* முதலில் அட்டைப்பெட்டிக் காகிதத்தில் மாதிரி செய்து, எல்லா அட்டைகளையும் செருகி அளவு பாருங்கள். பிறகு தகட்டை வெட்டலாம்.

* பேக்பிளேனை 10 மி.மீ. பித்தளை ஸ்பேசர்கள் மீது உயர்த்திப் பொருத்துங்கள். நான்கு மூலைகளோடு நிறுத்தாமல் நடுவிலும் பிளாஸ்டிக் தாங்கல் கொடுங்கள். அட்டையை அழுத்தும்போது பலகை வளைந்தால் ஈயப் பற்று விரிசல் விடும்.

* சாக்கெட், கால் இரண்டுமே தங்க முலாம் பூசியதாகவோ, இரண்டுமே வெள்ளீய முலாம் பூசியதாகவோ இருக்கட்டும். வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும்.

* உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அட்டைகளைக் கழற்றி, கால்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

சிப் வாங்கும்போது எச்சரிக்கை

கால்கள் நீண்ட, சாக்கெட்டில் செருகும் வகை இசட்80 சிப் உற்பத்தியை நிறுத்துவதாக சைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. இப்போது சந்தையில் இருப்பது மிச்ச இருப்பும், பழைய அட்டைகளிலிருந்து கழற்றியதும்தான். மேற்பகுதியைச் சுரண்டிப் புதிய எண் அச்சிட்ட போலிகளும் உலவுகின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் நேரில் வாங்கினால் எழுத்துகளையும் கால்களையும் நன்றாகப் பார்த்து வாங்குங்கள். இனி எளிதில் கிடைக்காத பொருள் என்பதாலும் அதை உப்புக் காற்றிலிருந்து காப்பது அவசியம்.

மாணவர்களுக்கு

இந்தக் கணினியில் வீடியோ பார்க்க முடியாது, இணையமும் வராது. பேசிக் மொழியில் சிறிய நிரல்கள் எழுதலாம், கணக்குப் போடலாம், விளக்கை எரியவிட்டு அணைக்கலாம். ஆனால் ஒரு முகவரி எந்தக் கம்பியில் போகிறது, தரவு எந்தக் கம்பியில் திரும்பி வருகிறது என்பதை மீட்டர் வைத்து நீங்களே காட்ட முடியும். பழுது வந்தால் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியும். பழுதுநீக்கும் இந்தப் பழக்கம் நாளை எந்த எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் போனாலும் கை கொடுக்கும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கோ கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டுக்கோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யத் தகுந்த வேலை இது. ஒருவர் பேக்பிளேனையும், ஒருவர் அட்டைகளையும், ஒருவர் பெட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுங்கள்.