அடித்தலும் வீசுதலும்

கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் பந்து ஆடுவோனை நோக்கி விரைந்து வருகின்றது. கோல்ப் ஆட்டத்திலோ அது அசையாது தரையிற் கிடக்கின்றது. ஆதலின் இவ்வாட்டம் எளிதென்று எண்ணுவார் பலர். உண்மை இதற்கு மாறானது. விரைந்து வரும் பந்து சிந்திக்க நேரந் தருவதில்லை. கிடக்கும் பந்து வேண்டுமளவும் தருகின்றது. அந்நேரத்திற்றான், 'இதனை ஓங்கி அடித்தல் வேண்டும்' என்னும் ஆவல் மனத்துட் புகுந்து உடம்பை ஆட்கொள்கின்றது. அவ்வாவல் கேடு விளைக்கும் விதத்தையும், அதனை வெல்லும் வழியையும் சுருக்கமாக ஆராய்வோம்.

புதிதாய்ப் பயில்வோன் ஒருவன் பந்தில்லாத இடத்தில் மட்டையை வீசும்பொழுது அவன் வீச்சு இயல்பாகவும் ஒழுங்காகவும் இருக்கும். பந்தின் அருகே வந்தவுடன் அவன் வேறொருவனாகி விடுகின்றான். தோள்கள் இறுகுகின்றன, கைகள் மட்டையை நெரிக்கின்றன, மட்டை பந்திற்குப் பின்னுள்ள மண்ணைப் பெயர்க்கின்றது, அன்றேல் பந்தின் உச்சியைத் தடவிச் செல்கின்றது. இரண்டு வீச்சுகளுக்குமிடையே புதிதாய் வந்தது பந்து ஒன்றே. எனவே, குறை கைகளில் இல்லை. கருத்திலே உள்ளது என்பது தெளிவு.

இவ்வாட்டத்தின் விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படலாகாது. வேகமான வீச்சில் மட்டையின் தலை இச்சிறு பந்தைத் தொட்டிருக்கும் காலம் ஏறக்குறைய ஒரு விநாடியின் 2,000இல் ஒரு பங்கு. அதற்குள் கைவலிமையால் பந்தை உந்துதல் எவர்க்கும் இயலாது. தொடும் கணத்தில் மட்டைத்தலைக்குள்ள வேகமும், அதன் முகம் நோக்கும் திசையும், அது பந்திற் படும் இடமுமே பயனைத் தருவன. மேலிருந்து மட்டை கீழிறங்கும் காலமோ ஏறக்குறைய கால் விநாடி. கண் கண்டதற்கேற்பக் கை இயங்கவே ஏறக்குறைய ஐந்திலொரு விநாடி செல்லும். ஆதலின், இறங்கத் தொடங்கிய வீச்சை இடையில் திருத்தவும் வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கைகள் ஒரு தண்டு, மட்டை மற்றொரு தண்டு. இவற்றை இணைக்கும் கீல் மணிக்கட்டு. இறங்கும் வீச்சின் தொடக்கத்தில் மணிக்கட்டு மடிந்தே இருந்து, பின்னர்த் தானே விரியுமாயின், மட்டைத்தலை கவணினின்று கல் பாய்வதுபோல் விரைந்து வரும். அடிக்கும் ஆவல் கொண்டவனோ மணிக்கட்டை முன்னரே விரித்து விடுகின்றான். மட்டையின் வேகம் பந்தை அடையுமுன்னரே செலவாகி விடுகின்றது. மிக முயன்றவன் பந்து குறைந்த தூரம் போவதன் காரணம் இதுவே.

இவ்வுண்மையைத் தன் வாழ்வால் விளக்கியவர் எர்னஸ்ட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர். முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு, அவர் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். பின்னர் ஒற்றைக்காலில் நின்றே ஆடி, 18 குழிகளையும் 83 அடிகளில் முடித்தார். ஊன்றி அடிக்கக் காலில்லாதவர்க்கும் வீச்சு துணை நின்றது. அமெரிக்கா சென்று ஆசிரியரான பின், கைக்குட்டையின் முனையில் பேனாக்கத்தி ஒன்றைக் கட்டி வீசிக் காட்டுவார். கையை வெட்டி இழுத்தால் துணி தொய்ந்து கத்தி நிலைகெட்டு ஆடும். சீராக வீசினால் துணி விறைப்பாக நின்று கத்தி வட்டமாய்ச் செல்லும். இம்முறையை விளக்கும் அவரது நூல் 1937இல் வெளிவந்தது.

இனி, ஆவலை வெல்லுமாறு யாது? 'அடியாதே' என்று மனத்திற்குக் கட்டளையிடுதல் பயன்படாது. விலக்கிய பொருளையே மனம் மீண்டும் நாடும். அதற்கு வேறொரு வேலை கொடுத்தலே வழி. முதலாவது, சிறு மட்டையால் அரை வீச்சாகப் புல்லைத் தடவிப் பழகுக. அவ்வீச்சு மாறாதிருக்கவே, அதன் பாதையில் ஒரு பந்தை வைக்கச் செய்க. இரண்டாவது, மட்டை நழுவாத அளவே பிடித்து, அதன் தலையின் கனத்தை வீச்சு முழுதும் உணர்ந்துகொண்டிருக்க. மூன்றாவது, பந்தை முடிவாகக் கருதாமல் வீச்சின் இறுதி நிலையையே முடிவாகக் கருதி, பந்து தரையில் விழுமளவும் தள்ளாடாது அந்நிலையில் நிற்க.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முதியோர் வாக்கு. பயனைப் பற்றிய கவலை செயலின் நடுவே புகுந்தால் செயலும் கெடும், பயனும் கெடும். செயலைச் செவ்வனே முடிப்பவனுக்குப் பந்து வழியிலே கிடைக்கின்றது.