பள்ளிக்கூடம் விற்ற ஃபெராரி

1972-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி, தன்னிடமிருந்த பழைய ரேஸ் கார் ஒன்றை 6,500 டாலருக்கு விற்றது. மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்கள் பழகட்டும் என்று யாரோ கொடுத்த கார் அது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. அதே ரகத்தைச் சேர்ந்த இன்னொரு கார், 2018-இல் கலிபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது.

1962 முதல் 1964 வரை இவற்றில் 36 மட்டுமே செய்தார்கள். அன்றைய போட்டி விதிப்படி 100 கார்கள் செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் 250 ஜி.டி.யின் திருத்திய வடிவம்தான் இது என்று சொல்லி ஃபெராரி அனுமதி வாங்கிவிட்டது. 3 லிட்டர், 12 சிலிண்டர், சுமார் 300 குதிரைத்திறன். மோடெனாவில் ஸ்காலியெட்டி பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி உருவாக்கிய உடல் என்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று அச்சாக இருக்காது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தன் பிரிவில் உலகப் பட்டம் வென்றது. ஆனால் ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜினை வைத்த கார்கள் வந்ததும் இதை யாரும் சீண்டவில்லை. புதிதில் 18,000 டாலர் விலை பெற்ற கார் பள்ளிக்கூடத்துக்குப் போனது அப்படித்தான்.

பிறகு விலை மெல்ல ஏறியது. பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1977-இல் சுமார் 37,000 பவுண்டுக்கு ஒன்று வாங்கினார். 1988 ஆகஸ்டில் நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்தார். இனி அவர் கையால் கார் வராது என்ற எண்ணமும், ஜப்பானில் அப்போது புரண்ட பணமும் சேர்ந்து விலையைக் கொளுத்திவிட்டன. 1989-இல் ஒரு ஜி.டி.ஓ. 1 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டிக் கைமாறியது. ஜப்பானியப் பொருளாதாரம் சரிந்ததும் சில ஆண்டுகளிலேயே ஜி.டி.ஓ. விலை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. விலை ஏறிய கதையைச் சொல்லும் விற்பனையாளர்கள் இந்த ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டிக்கொண்டு போவார்கள். வாங்குகிறவர் தாண்டக் கூடாது.

2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்துக்கு வந்த ஜி.டி.ஓ.வை அதன் உரிமையாளர் 1985-இல் ஏறத்தாழ 5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். 6 கோடி டாலருக்கு மேல் எதிர்பார்த்தார்கள். 5 கோடியே 17 லட்சத்தில் முடிந்தது. அவருக்குக் கொள்ளை லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது 38 ஆண்டுகள் காத்திருந்ததற்குக் கிடைத்த கூலி. எதிர்பார்த்த விலை எட்டவில்லை என்பதும் அதே ஏலம் சொன்ன செய்தி.

இவ்வளவு பணமும் உலோகத்துக்கு அல்ல, அதன் வரலாற்றுக்குத்தான். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார், எங்கே மோதியது, எந்தப் பாகம் மாறியது என்பதற்கெல்லாம் தாள் வேண்டும். 36-இல் ஒன்றுக்கு இது பொருந்தும். ஆயிரக்கணக்கில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் பழசாகிவிட்டது என்பதாலேயே அதற்கும் இந்த யோகம் அடிக்காது. காப்பீடு, கொட்டகை வாடகை, கிடைக்காத உதிரிப் பாகம், ஏலக் கமிஷன் எல்லாம் கழித்தால் பல கார்களில் மிஞ்சுவது சொற்பம்.

நிக் மேசனை எனக்குப் பிடிக்கும். இத்தனை கோடி மதிப்பு ஏறிய பிறகும் அவர் தன் காரைப் பழைய கார் பந்தயங்களில் ஓடவிட்டவர். ரேஸுக்காகப் பிறந்த வண்டியைக் குளிரூட்டிய கிடங்கில் பூட்டி, பத்திரம் போல வாங்கி விற்பது அதைச் செய்த கைகளுக்கு இழைக்கும் அநீதி. ஓட்டும் ஆசை இருந்தால் வாங்குங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை மட்டும் இதில் போடாதீர்கள்.